பற்கள் உதிர்வது முதுமையினாலா?

தலை நரைப்பதும், தோல் திரைவதும், பற்கள் உதிர்வதும் முதுமையின் அடையாளங்கள் என்று நம்மவர் தொன்றுதொட்டு ஒரு வரிசை வகுத்து வைத்துள்ளனர். பாட்டனாரின் பொக்கை வாயைக் கண்டு நகைக்கும் பேரப் பிள்ளைகளும், தமக்கும் ஒருநாள் அந்நிலை வந்தே தீரும் என்று எண்ணி வளர்கின்றனர். நரையும் திரையும் வயதின் விளைவு என்பது மெய்யே. ஆனால், பல் உதிர்தலை அவ்வரிசையிற் சேர்த்தது பொருந்தாது. முறையாகப் பேணப்பட்ட பல் எண்பது வயதிலும் உறுதியாக நிற்கக் கூடும். பேணப்படாத பல் முப்பது வயதிலேயே ஆடத் தொடங்கவும் கூடும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு, பெரும்பாலும், நாள்தோறும் நாம் செலவிடும் சில நிமிடங்களே ஆகும்.

பல்லைக் காக்கும் வழி யாது என்று கேட்டால், பலரும் பல்லை மட்டுமே நினைக்கின்றனர். பல்லைத் தாங்கும் நிலத்தை நினைப்பவர் சிலரே. அந்த நிலமே முரசு. ஈறு என்று நூல்கள் கூறும் இம்முரசும், அதன் கீழுள்ள தாடை எலும்பும் சேர்ந்தே பல்லை இறுகப் பற்றியிருக்கின்றன. மரம் எத்துணை வைரம் பாய்ந்ததாயினும், வேரடி மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றால் அது சாய்ந்தே தீரும். பல்லின் நிலையும் அத்தகையதே. இவ்வுண்மையை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துக் காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று, அயல்நாட்டு மாநகர் எதிலும் நிகழவில்லை. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலேயே நிகழ்ந்தது.

மலைநாடு உரைத்த பாடம்

1970ஆம் ஆண்டில், நோர்வே நாட்டவரான ஹாரல்ட் லோ என்னும் பல் வைத்திய அறிஞரும் அவர்தம் குழுவினரும் டன்சினேன், ஹரோ என்னும் இரு தோட்டங்களிற் பணிபுரிந்த 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தனர். அத்தொழிலாளர் தமிழர், இளைஞர். பற்றூரிகையோ, பல் வைத்தியரின் கவனிப்போ அவர்தம் வாழ்க்கையில் இடம்பெற்றதில்லை. 1985ஆம் ஆண்டு வரை, பதினைந்து ஆண்டுகளாக, அதே மனிதரை ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் பரிசோதித்தனர். இறுதிப் பரிசோதனையில், தொடக்கத்தில் இருந்தோருள் 161 பேர் கலந்துகொண்டனர். முடிவுகள் 1986இல் வெளியாயின.

அவற்றுள் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அத்தொழிலாளரிடம் பற்சூத்தை ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். பற்கள் ஓட்டையின்றி உறுதியாகவே இருந்தன. ஆயினும் பற்கள் விழுந்தன! நூற்றுக்கு எட்டுப் பேரிடம் முரசு நோய் விரைந்து பரவிற்று. அவர்கள் சராசரியாக 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்திருந்தனர். நூற்றுக்கு 81 பேரிடம் நோய் மெதுவாகச் சென்றது. 45 வயதளவில் அவர்கள் இழந்த பற்கள் ஏழு. நூற்றுக்கு 11 பேர் மட்டும், முரசு சிவந்து வீங்கிய அளவோடு தப்பினர். அவர்தம் பற்கள் நிலைத்து நின்றன.

இதே ஆராய்ச்சியாளர் 1969ஆம் ஆண்டிலிருந்து நோர்வேயின் ஒஸ்லோ நகரத்து ஆண்கள் 565 பேரையும் இவ்வாறே கவனித்து வந்தனர். இவர்கள் இளமை முதலே பல் தீட்டியும் பல் வைத்தியரிடம் சென்றும் பழகியவர்கள். நாற்பது வயதை நெருங்கும்போது, பல்லைச் சுற்றிய பிடிப்பு அவர்களிடம் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றர் அளவே குறைந்திருந்தது. நம் தோட்டத் தொழிலாளரிடமோ அது நாலரை மில்லிமீற்றர்! பேணுதலின் பயனை இதனினும் தெளிவாக உரைக்க இயலுமோ?

இதனைப் படித்து அத்தொழிலாளரைக் குறை கூறுவது அறமாகாது. மலைச்சரிவில் நாள் முழுவதும் உழைத்த அம்மக்களுக்குப் பற்சுகாதார வசதி எட்டாதிருந்தமை சமுதாயத்தின் குறையேயன்றி அவர்களுடைய குறையன்று. அவர்கள் இழந்த பற்கள், இன்று உலகெங்குமுள்ள பல் வைத்திய மாணவருக்குப் பாடமாகியுள்ளன. அப்பாடத்தை முதலிற் கற்க வேண்டியவர்கள் அவர்தம் சுற்றத்தாராகிய நாமல்லவா?

தப்பிய பதினொருவரைக் காட்டி, "என் பல்லுக்கு ஒன்றும் வராது" என்று எவரும் கூறிவிடலாகாது. தாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை இருபது வயதில் ஒருவர் கண்ணாடியைப் பார்த்து அறிய முடியாது. அறிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

ஓசையின்றி நிகழும் அழிவு

முரசு எவ்வாறு கெடுகின்றது? பல்லைத் துலக்கிய சில மணி நேரத்துள் அதன்மேல் மெல்லிய பிசுபிசுப்பான படலம் ஒன்று படியத் தொடங்குகின்றது. மாலையில் நாவினாற் பல்லைத் தடவினால் ஒருவித வழுவழுப்பை உணர்கின்றோமே, அதுவே அப்படலம். அது வெறும் உணவுத் துணிக்கையன்று. கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கும் ஊர். வாய் கொப்பளிப்பதனால் மட்டும் அது நீங்காது. தேய்த்தே நீக்க வேண்டும். நீக்காது விட்டால், உமிழ்நீரிலுள்ள உப்புக்கள் அதிற் படிந்து, சில நாட்களிற் காறையாக இறுகிவிடும். இறுகிய காறையைத் தூரிகை அசைக்காது. பல் வைத்தியரின் கருவியே அகற்றும்.

1965ஆம் ஆண்டில் இதே ஹாரல்ட் லோ, டென்மார்க்கிலே ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். நல்ல முரசுடைய பன்னிரண்டு பேர், ஆராய்ச்சியின்பொருட்டுப் பல் தீட்டுவதை நிறுத்தினர். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள், ஒருவர் தவறாமல் பன்னிருவருக்கும் முரசு சிவந்து வீங்கிற்று. மீண்டும் பல் தீட்டத் தொடங்கினர். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முரசு பழைய நிலையை அடைந்தது. தொடக்க நிலையில் இந்நோயை முற்றாக மாற்றலாம் என்ற நற்செய்தி இதில் அடங்கியுள்ளது. ஆனால், அழற்சி பல மாதங்கள் நீடித்து எலும்பு கரையத் தொடங்குமாயின், கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. மேலும் கரையாமற் காக்கவே வைத்தியரால் இயலும்.

சூத்தைப் பல் இரவெல்லாம் அழவைத்து நம்மை வைத்தியரிடம் விரட்டும். முரசு நோயோ பெரும்பாலும் வலிப்பதில்லை. அதன் அறிகுறிகள் பல் தீட்டும்போது கசியும் இரத்தம், நீங்காத வாய் நாற்றம், பற்கள் நீண்டு தோன்றுதல், பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி உண்டாதல் என்பனவாம். நலமுள்ள முரசு மெல்லத் தேய்க்கும்போது இரத்தம் சிந்தாது. இரத்தத்தைக் கண்டு அஞ்சி அவ்விடத்தைத் தீட்டாது விடுவோர் பலர். இது தவறு. படலம் அங்கே மிகுந்திருப்பதனாலேயே இரத்தம் வருகின்றது. ஆதலின் அவ்விடத்தை மென்மையாகவும் கவனமாகவும் தீட்டுதல் வேண்டும். இரண்டு வாரத்தின் பின்னும் கசிவு நிற்காவிடின் வைத்தியரை நாடுக.

இரவே முதன்மை

காலையில் எழுந்ததும் பல் தீட்டாத தமிழ்க் குடும்பம் அரிது. அது நம் பழக்கம், பாராட்டத் தக்கது. ஆனால் படுக்கைக்குச் செல்லுமுன் தீட்டுவோர் எத்தனை பேர்? உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகின்றது. பகலிற் பற்களைக் கழுவிக் காத்துவந்த அந்நீர் இல்லாதபோது, இராச் சாப்பாட்டின் மிச்சமும் கிருமிகளும் ஆறேழு மணி நேரம் தம் விருப்பம் போல் தொழில் புரிகின்றன. எனவே, நாளொன்றுக்கு இருமுறை தீட்டுக. அவ்விரண்டினுள் இரவு தீட்டுவதை ஒருபோதும் தவற விடாதீர். அதன்பின் தண்ணீர் தவிர வேறொன்றும் அருந்தலாகாது.

தீட்டும் முறையும் அறிதற்பாலது. மென்மையான நார்களையுடைய சிறு தலைத் தூரிகையே சிறந்தது. தூரிகையைப் பல்லும் முரசும் சேரும் ஓரத்திற் சற்றுச் சாய்த்து வைத்து, சிறு சிறு வட்டமாக மெல்ல அசைக்க வேண்டும். சட்டி தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தால் முரசு பின்வாங்கும். பல்லின் கழுத்தும் தேயும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் புறம் என்னும் மூன்றையும் ஒழுங்காகத் தீட்ட இரண்டு நிமிடமேனும் வேண்டும். கீழ் முன்பற்களின் உட்புறத்தைப் பலரும் மறந்துவிடுகின்றனர். காறை மிகுதியாகப் படிவதும் அங்கேதான். நார்கள் வளைந்துவிட்டால், அல்லது மூன்று மாதமானால், தூரிகையை மாற்றுக. ஒருவர் தூரிகையை மற்றவர் பயன்படுத்தலாகாது.

தூரிகையின் நார்கள் இரு பற்களுக்கிடையே நுழையா. அவ்விடுக்கைத் துப்புரவாக்கப் பல்லிடை நூலும் சிறிய இடைத் தூரிகையும் மருந்துக் கடைகளிற் கிடைக்கின்றன. குண்டூசியும் ஈர்க்கும் கொண்டு குத்துவது முரசைப் புண்ணாக்கும்.

பற்பசையின் நுரையிலும் வாசனையிலும் பெருமையில்லை. அதிலுள்ள புளோரைட்டே பயன் தருவது. அது மிளிரி என்னும் பல்லின் மேலுறையை வலிதாக்கிச் சூத்தையைத் தடுக்கின்றது. பத்து இலட்சம் பங்கில் 1000 முதல் 1500 பங்கு புளோரைட்டு உள்ளதா என்று உறையிற் பார்த்து வாங்குக. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். தீட்டிய பின் பசையைத் துப்பிவிடுக. உடனே நிறைய நீரினாற் கொப்பளித்தால் அதன் பயன் நீரோடு போய்விடும்.

ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ? அநுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகள் பலவற்றிற் கிணற்று நீரிலே புளோரைட்டு இயற்கையாகவே மிகுந்துள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. பல் உருவாகும் பருவத்தில் மிகுதியாக உட்கொண்ட பிள்ளைகளின் பற்களிற் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. அவை பல் தீட்டாமையால் வந்த அழுக்கல்ல. சாம்பல் கொண்டு தேய்த்தாலும் போகா. அத்தகைய ஊர்களில் வாழ்வோர் குடிநீரைப் பற்றிச் சுகாதார அதிகாரியிடம் விசாரித்தல் நன்று.

குச்சியும் கரியும்

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள், "நம் முன்னோர் பற்பசையா கண்டனர்?" என்று வினவுவர். வினாவில் நியாயமுண்டு. வேப்பங்குச்சியின் நுனியை நன்கு மென்று, நாராக்கி, பொறுமையோடு தேய்த்தால் பல்லின் வெளிப்புறத்துப் படலம் நீங்கும். வெறும் விரலைக் காட்டிலும் அது மேலானது. ஆனால் உட்புறத்துக்கும் கடைவாய்க்கும் குச்சியைச் செலுத்துவது எளிதன்று. புளோரைட்டும் அதிற் கிடையாது. ஆகவே குச்சியை விரும்புவோர் காலையில் அதனைக் கையாண்டு, இரவிலே தூரிகையையும் பசையையும் கொள்ளலாம். உமிக்கரி, செங்கற்பொடி, மணல் ஆகியவற்றைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. அவை பல்லைப் பளிச்சென்று காட்டுவது மேலுறையைச் சுரண்டுவதனாலேயே. சுரண்டிய மிளிரி மீண்டும் வளராது.

இனிப்பின் கணக்கு

நாம் உண்ணும் சீனியைக் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் மிளிரியை அரிக்கின்றது. ஒருமுறை இனிப்புண்டால் அரை மணி நேரமளவு இவ்வரிப்பு நடைபெறும். பின்னர் உமிழ்நீர் அதனைச் சிறிது சிறிதாகச் சீர்ப்படுத்தும். எனவே எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் எண்ண வேண்டிய கணக்காகும். காலைத் தேநீர், பத்து மணித் தேநீர், விருந்தினர் வந்தால் ஒரு தேநீர், மாலையில் பிஸ்கற்றோடு ஒன்று, இரவில் ஒன்று என்று சீனி போட்டுக் குடிப்பவரின் பற்கள் ஓய்வு காண்பதில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்துவோரும், "இது சீனியன்று" என்று மகிழ வேண்டா; கிருமிகளுக்கு இரண்டும் ஒன்றே.

சேர்க்கப்படும் சீனி, நாளாந்தச் சக்தித் தேவையில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்று 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் அறிவுறுத்திற்று. வளர்ந்த ஒருவருக்கு இது சுமார் 50 கிராம். அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு தேக்கரண்டி. மேற்கூறிய தேநீர்க் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்த்தால், சோடாவையும் மிட்டாயையும் சேர்க்காமலே அவ்வெல்லை நெருங்குவதைக் காணலாம். இனிப்பை உண்பதாயின் சாப்பாட்டோடு சேர்த்து உண்க. இடைவேளைகளிற் பழமும் கச்சானும் கடலையும் கொள்க.

வெற்றிலைத் தட்டம்

உபசாரத்தின் சின்னமாகிய வெற்றிலைத் தட்டத்தைப் பற்றிக் கூறும்போது முதியோர் முகம் சுளிக்கக் கூடும். ஆயினும் உண்மையை மறைத்தல் நன்றன்று. புகையிலை சேராவிடினும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் அறிஞர் குழு 2003ஆம் ஆண்டிற் கூடி முடிவு செய்தது. இலங்கை ஆண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கின்றது. வெற்றிலைச் சிவப்பில் முரசின் இரத்தக் கசிவும் கண்ணிற் படாது போகின்றது. புகைப்பவருக்கோ முரசு நோய் முற்றியபோதும் இரத்தம் குறைவாகவே கசியும். நோய் இல்லையென்று அவர் ஏமாறுவார். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்க இயலாத இறுக்கம் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் நாள் கடத்தாது வைத்தியரிடம் செல்க.

தாயும் சேயும்

சலரோகம் எனப்படும் நீரிழிவுடையோர் முரசை இரட்டிப்புக் கவனத்தோடு பேண வேண்டும். சீனி கட்டுப்படாதவரிடம் முரசு நோய் விரைந்து வளரும். முரசு நோய் முற்றினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். கருவுற்ற தாய்மாருக்கு முரசு எளிதில் வீங்கும். "வயிற்றுப் பிள்ளைக்காரி பல் வைத்தியரிடம் போகலாகாது" என்னும் எண்ணம் தவறானது. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையுள்ள காலம் சிகிச்சைக்கு மிக வசதியானது. தாம் கருவுற்றிருப்பதை வைத்தியரிடம் கூறிவிட்டாற் போதும்.

குழந்தையின் முதற்பல் முளைத்த நாளிலிருந்தே துலக்கத் தொடங்க வேண்டும். சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்க விடுதல், மேல் முன்பற்களை அரித்துவிடும். "விழப்போகும் பாற்பல்தானே" என்று அலட்சியம் செய்வதும் பிழை. பின்வரும் பல்லுக்கு இடம் காத்து வைப்பது பாற்பல்லே. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பாற்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். இதனையும் பாற்பல் என்று கருதித் தாய்மார் பலர் கைவிட்டுவிடுகின்றனர். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல் என்பதை மறவற்க. ஏழெட்டு வயது வரை பிள்ளை தானே நன்றாகத் தீட்ட மாட்டாது. பெரியவர் ஒருவர் அருகில் நின்று உதவுதல் வேண்டும்.

அரசினர் வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளும், பாடசாலைப் பற்சிகிச்சையாளரும், பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் நமக்காகவே இருக்கின்றன. வலி வந்த பின் பல்லைப் பிடுங்குவதற்கு மட்டும் அங்கே செல்லும் வழக்கத்தை மாற்றுவோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும், நோவில்லாத நாளிலே சென்று காட்டிக் காறையை அகற்றிக்கொள்வோம்.

காலையில் இரண்டு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம்: நாளொன்றுக்கு நான்கே நிமிடம்! மலைநாட்டு இளைஞர் நாற்பத்தைந்து வயதுக்குள் இழந்த பற்கள் நமக்குக் கற்பிப்பது இவ்வளவே. பிள்ளைகளைப் பார்த்து "பல் தீட்டிவிட்டுப் படு" என்று சொல்வதோடு நில்லாமல், இன்றிரவு பெற்றோரும் அவர்களோடு கிணற்றடிக்கோ குழாயடிக்கோ சென்று சேர்ந்து தீட்டுவார்களாக. பார்த்துப் பழகிய பழக்கமே பிள்ளைகளிடம் நிலைக்கும்.